சித்திரை வெயிலில் ஒரு யா மோட்டார்

காற்றாலையில் வேலை என்று சொன்னால் ஊர்ப்பக்கம் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: ஆனி, ஆடிக் காற்றில் மேலே ஏறப் பயமாக இருக்காதா? அந்த மாதங்களில் நாங்கள் அநேகமாக ஏறுவதே இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து வரும்போது மெஷின் நிற்காமல் ஓட வேண்டும், அதுதான் வருமானம். பெரிய பராமரிப்பு எல்லாம் அதற்கு முன்னால், பங்குனி, சித்திரையில், காற்று இல்லாத நாளாகப் பார்த்து முடிக்கப்படும். காற்று இல்லாத நாள் என்பது அட்டவணை போடுகிறவர்கள் சொல்வது. ராதாபுரத்துக்கும் திசையன்விளைக்கும் நடுவில், சித்திரை மத்தியானத்தில், 80 மீட்டர் உயரத்தில் நின்று பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

வெயில் ஏற ஏறத் தரை கொதிக்கும். ஆனால் எல்லா இடமும் ஒன்றுபோலக் கொதிப்பதில்லை. வற்றி வெடித்துக் கிடக்கும் குளம், தேரியின் சிவப்பு மணல், தார் ரோடு எல்லாம் சீக்கிரம் சூடேறிவிடும். பக்கத்திலேயே கிணற்றுத் தண்ணீரில் ஒரு வாழைத் தோட்டம் இருந்தால் அது குளுமையாகவே இருக்கும். இரண்டும் சந்திக்கிற வரப்புப் பக்கம்தான் சூடான காற்று பெரும்பாலும் தரையை விட்டுக் கிளம்புகிறது. நொடிக்கு 2, 3 மீட்டர் வேகத்தில், சில சமயம் அதற்கு மேலேயும், குபீரென்று எழும்பும். அது காலி செய்த இடத்துக்கு நாலா பக்கமிருந்தும் காற்று ஓடி வரும். எழும்புகிற காற்றைச் சுற்றி இறங்குகிற காற்றும் உண்டு. டவர் உச்சியில் இருக்கும் எந்திரக் கூடான நாசெல்லில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கொஞ்ச நேரம் ஒன்றுமே தெரியாது. திடீரென்று மேற்கிலிருந்து ஒரு தள்ளு, அது அடங்குமுன் கிழக்கிலிருந்து இன்னொன்று. டவர், புது டிரைவர் கையில் மாட்டிய டவுன்பஸ் மாதிரி ஆகிவிடும். ஆடிக் காற்றில் மெஷின் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும்; அது பழகிவிடுகிறது.

இதையெல்லாம் எனக்கு விளக்கிச் சொன்னவர் புனே பக்கத்திலிருந்து எங்கள் சைட்டுக்கு வந்திருந்த ஒரு பொறியாளர். லீவு நாளில் கம்ஷேத் குன்றுகளில் ஹேங் கிளைடரில் பறக்கிறவர். அலுமினியச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிய இறக்கை, அதன் கீழே குப்புறப் படுத்தபடி தொங்குகிற ஆள். முன்னால் இருக்கும் கம்பியைப் பிடித்து உடம்பை இப்படியும் அப்படியும் நகர்த்துவதுதான் ஸ்டியரிங். எஞ்சின் கிடையாது, சும்மா விட்டால் நொடிக்கு ஒரு மீட்டர் கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் நாங்கள் பயப்படுகிற அந்த எழும்பு காற்றைத்தான் அவர் தேடிப் போவார். உயரம் ஏறுவதைக் காட்ட வேரியோமீட்டர் என்று ஒரு கருவி கீச்கீச்சென்று கத்துமாம், அது கத்தியதும் வட்டம் போட ஆரம்பிப்பாராம். இங்கே வந்த புதிதில் மகேந்திரகிரியைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து குதித்தால் எப்படி இருக்கும் என்று கேட்டார். அந்தப் பக்கம் இஸ்ரோ, இந்தப் பக்கம் கூடங்குளம் அணுமின் நிலையம், நடுவில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சுற்றும் இறக்கைகள். நீங்களே யோசித்துப் பாருங்கள் சார் என்றேன். அப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அன்றைக்கு வேலை யா மோட்டார் மாற்றுவது. காற்று வரும் திசைக்கு நாசெல்லைத் திருப்புகிற மோட்டார் அது. பழையதை விடிந்ததும் கழற்றி இறக்கிவிட்டோம். காலை நேரத்தில் செயின் ஆடாமல் இறங்கியது. புதியது ஒன்பது மணிக்குள் வந்திருந்தால் இதை எழுத விஷயமே இருந்திருக்காது. ஜீப் வந்து சேரும்போது மணி பதினொன்றரை.

மேலே நானும் ஒரு தம்பியும். கீழே பொறியாளரும், தூக்கும் பொருள் ஆடாமலிருக்க அதில் கட்டிய கைக்கயிறு பிடிக்கிற அண்ணாச்சியும். அண்ணாச்சி பக்கத்து ஊர்க்காரர், முன்பு இதே பொட்டலில் ஆடு மேய்த்தவர். கண்ட்ரோலர் திரையில் காற்று வேகத்தின் பத்து நிமிஷச் சராசரி நொடிக்கு 4 மீட்டர் என்று காட்டியது. எங்கள் கையேட்டில் பொருள் தூக்குவதற்கு எல்லை 10. தம்பி கொக்கியைத் தயாராக வைத்திருந்தான். அப்போதுதான் வாக்கி டாக்கியில் அண்ணாச்சியின் குரல் வந்தது.

"இப்பம் தூக்க வேண்டாம், கேட்டியளா. குளத்துக்கு மேல பருந்து வட்டம் போட ஆரம்பிச்சிட்டு."

இறக்கையை அடிக்காமல் பருந்து மேலே போகிறதென்றால் அங்கே காற்று எழும்புகிறது என்று அர்த்தம். பொறியாளருக்கும் அது தெரியும். ஆனால் அவர் அதைப் பார்த்த விதம் வேறு. ஹேங் கிளைடர்காரர்கள் குன்றின் விளிம்பில் நின்று, எழும்பு காற்று ஒரு சுற்று போய் அடுத்த சுற்று வரும் வரை கணக்குப் பார்த்துக் கிளம்புவார்களாம். இங்கேயும் சுமார் கால் மணி நேரத்துக்கு ஒன்று போகிறது, நடுவில் தூக்கிவிடலாம் என்றார். சங்கிலியில் பொருள் தூக்குகிற எங்கள் ஹாய்ஸ்ட் 80 மீட்டர் ஏற்றப் பத்து நிமிஷம் எடுக்கும். கணக்கு சரிதான், காற்று அதற்குக் கட்டுப்பட வேண்டுமே. சரி, முதலில் டூல் பையை அனுப்பிப் பார்ப்போம் என்றேன்.

பை பாதி உயரம் வந்தபோது காய்ந்த குளத்தில் புழுதி சுழன்று எழுந்தது. அதிகம் போனால் ஒரு பனை உயரம் இருக்கும். பை ஊசலாடத் தொடங்கி டவரில் ஒரு இடி இடித்தது. தம்பி, "சீக்கிரம் தூக்கிருவோம்ணே" என்றான். எல்லாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான், ஆனால் ஆடுகிற பொருளை மேலே இழுத்தால் சங்கிலி குறையக் குறைய ஆட்டம் கூடத்தான் செய்யும். ஹாய்ஸ்டை நிறுத்தினேன். அண்ணாச்சி கயிற்றோடு டவரை விட்டு உடைமரம் வரைக்கும் விலகி நடந்தார். ஆட்டம் அடங்கியதும் பையைக் கீழே இறக்கினோம். போன சுற்றுக்குப் பிறகு பத்து நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை.

பொறியாளர் சிரித்துவிட்டார். பிறகு ஓட்டோ லிலியென்தாலைப் பற்றிச் சொன்னார். ஜெர்மனியில் தானே செய்த கிளைடர்களில் பறந்து பார்த்தவர். 1896 ஆகஸ்ட் 9ஆம் தேதி சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து மறுநாள் இறந்துபோனார். அவரைக் கவிழ்த்ததும் இந்த வெயில் காற்றுதான் என்பது பொறியாளரின் கட்சி. காற்றில் மாட்டினாலும் பறக்கிறவனுக்கு ஓர் இறக்கையும் அதைத் திருப்ப இரண்டு கையும் இருக்கின்றன. சங்கிலியில் தொங்கும் மோட்டாருக்கு என்ன இருக்கிறது? இந்த இடத்தில் நான் அண்ணாச்சி கட்சி.

மூன்று மணி வரை காத்திருந்தோம். நாசெல்லுக்குள் இருந்த சூட்டைப் பற்றிச் சொல்லிப் பயனில்லை. நடுவில் அலுவலகத்திலிருந்து போன்: "4 மீட்டர்தானே காட்டுது, ஏன் தூக்கல?"

மூன்று மணிக்கு உவரிப் பக்கமிருந்து கடற்காற்று வந்தது. குளிர்ந்த கடல் காற்று தரையோடு பரவினால் எழும்பு காற்று ஒடுங்கிவிடும். திரையில் 7 மீட்டர், மத்தியானத்தைவிட அதிகம். ஆனால் ஒரே திசை, ஒரே சீர். மோட்டார் ஒரு தடவைகூடத் தட்டாமல் மேலே வந்து சேர்ந்தது. இந்தக் காற்றில் பறந்தால் உயரமே கிடைக்காது என்று கீழே நின்று பொறியாளர் குறைப்பட்டுக்கொண்டார்.

இப்போது சித்திரையில் பொருள் தூக்குவதை எல்லாம் காலை ஒன்பதுக்குள் முடிக்கிறோம். பொருள் வரவில்லை என்றால் கடற்காற்றுக்குக் காத்திருக்கிறோம். மெஷின் நின்ற காரணம் எழுதும் படிவத்தில் சராசரிக் காற்றுக்கு மட்டும்தான் கட்டம். அதனால் அன்றைக்குக் குறிப்பு என்ற இடத்தில் 'பருந்து' என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் ஸ்டோரிலிருந்து ஒரு பையன் கூப்பிட்டு, அது எந்த பார்ட், அதற்கு பார்ட் நம்பர் என்ன என்று கேட்டான்.