கண்ணில் கறுப்பு, காதருகே கத்தி

ஜனவரி 9

அப்பாவின் இடக்கண் வெள்ளையில் இருந்தது மச்சம் இல்லை. கண்ணில் மச்சம் யோகம் என்று அத்தை சொன்னதை நம்பி இரண்டு வருடம் விட்டுவிட்டார். போன மாதம் வெட்டி எடுத்து, ஓரங்களை உறையவைத்துச் சிகிச்சை செய்தார்கள். இன்று முடிவு வந்தது: கண்ணின் மேற்படலத்தில் மெலனோமா என்ற புற்றுநோய். ஆசியர்களிடம் அரிதாம். ஓரங்கள் சுத்தம், ஆனால் தடிமன் 2.6 மில்லிமீட்டர். 2-ஐத் தாண்டினால் பரவியிருக்கிறதா என்று நிணநீர்க் கணுவையும் (நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சு) பார்ப்பது நல்லது என்றார் டாக்டர்.

"கண்ணுல வந்ததுக்கு காதுகிட்ட எதுக்கு டாக்டர் கத்தி?" அப்பா நேராகவே கேட்டுவிட்டார். கண்ணுக்குள்ளே வரும் மெலனோமா ரத்தம் வழியாகப் போகும், பெரும்பாலும் கல்லீரலுக்கு. மேற்படலத்தில் நிணநீர்க் குழாய்கள் உண்டு. அதனால் அங்கே வருவது முதலில் காதுக்கு முன்னாலோ தாடைக்குக் கீழேயோ உள்ள கணுக்களில்தான் தங்கும். "ஓ, காலில் புண் வந்தா தொடையில நெறி கட்டுற மாதிரி" என்றார் அப்பா. டாக்டர் மலேசியத் தமிழர், சிரித்துவிட்டார்.

ஜனவரி 14

ஸ்கேனில் எதுவும் இல்லை. அப்புறம் ஏன் அறுக்க வேண்டும்? நான் கேட்டேன். நாலைந்து செல்கள் ஸ்கேனில் தெரியாது, மைக்ராஸ்கோப்பில்தான் தெரியும். கணுவை எடுப்பதே சிகிச்சை இல்லை, அடுத்து என்ன செய்வது என்று முடிவுசெய்யத்தான். மிகவும் அரிய நோய் என்பதால் இதனால் ஆயுள் கூடும் என்று நிரூபிக்கும் பெரிய ஆய்வுகளும் இல்லை. டாக்டர் இதை மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது. முகத்தை அசைக்கும் நரம்பு அந்தப் பக்கமாகத்தான் ஓடுகிறது என்பதுதான் பிடிக்கவில்லை. அப்பாவுக்கு மீசை கோணிவிடுமோ என்ற கவலை.

ஜனவரி 20

காலையில் சொட்டு மருந்து விட்டு மரக்கவைத்து, கட்டி இருந்த இடத்தைச் சுற்றி டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த மருந்தை மெல்லிய ஊசியால் ஏற்றினார்கள். கேமரா திரையில் இரண்டு புள்ளிகள் ஒளிர்ந்தன: ஒன்று காதுக்கு முன்னால், ஒன்று தாடைக்குக் கீழே. முதலில் வடிகட்டும் காவல் கணுக்கள் அவைதான். தோலில் பேனாவால் குறித்துவிட்டு மயக்க மருந்து கொடுத்தார்கள். உள்ளே கதிரியக்கத்தை உணரும் கருவி பீப் பீப் என்று கத்தும் இடத்தில் அறுப்பார்களாம்.

பேரனைத் தூக்கலாமா என்பதுதான் அப்பாவின் ஒரே கேள்வி. ஆறு மணி நேரத்துக்கொரு முறை கதிர்வீச்சு பாதியாகும், நாளைக்குத் தூக்கலாம் என்றார் நர்ஸ்.

ஜனவரி 21

அப்பா கண்ணாடி முன் நின்று புருவம் தூக்கினார், கண்ணை இறுக மூடினார், விசிலடித்தார். மீசை நேராகத்தான் இருக்கிறது. சரி.

ஜனவரி 30

இரண்டு கணுவையும் மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றிப் பார்த்திருக்கிறார்கள். புற்றுநோய்ச் செல் இல்லை. அதற்காக முழு விடுதலை இல்லை: இந்தச் சோதனையும் சில நேரம் தவறவிடும். அதனால் கண்ணையும் கழுத்தையும் தவறாமல் காட்ட வேண்டும்.

தெக்காவில் இறங்கி கோப்பி குடித்தோம். ரயிலில் வரும்போது அவர் விரல் காதுக்கு முன்னால் போய்ப் போய் அழுத்திப் பார்த்தது.

"என்னப்பா?"

"தழும்பு அரிக்குது."