மனம் புண்படுகுதாம்

மதத்தைப் பகிடி பண்ணினால் உள்ளுக்குப் போடவேணும் எண்டு எங்கட பெடியளும் எழுதத் தொடங்கிட்டினம். 1968இல யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசல்ல, சாதியைச் சொல்லி மறிச்சு வச்ச எங்களையும் உள்ளுக்கு விடுங்கோ எண்டு சத்தியாக்கிரகம் இருந்த சனத்தாலயும் கனபேரின்ர மனம் புண்பட்டதுதான். அதுக்காக அவை எழும்பிப் போயிருக்கவேணுமோ?

2019இல பௌத்தத்தை அவமதிக்குது எண்டு சொல்லி, ஒரு சிங்களச் சிறுகதைக்காக எழுத்தாளர் சக்திக சத்குமாரவைப் பிடிச்சு மாசக்கணக்கா அடைச்சு வச்சது, மனித உரிமைச் சமவாயத்துக்கெண்டு 2007இல கொண்டுவந்த சட்டத்தில. (இதைவிடப் பெரிய பகிடி ஏதும் இருக்கோ?)

அதுக்காக, ஆற்றையோ சாமிப்படத்தை மிதிச்சு வீடியோ போடுறதை நான் போராட்டம் எண்டு சொல்லமாட்டன். கோயில் நிர்வாகத்தைக் கேள்வி கேளுங்கோ, குருக்களை, பாதரை, மௌலவியைக் கேளுங்கோ. நல்லூர்க் கோயில் வீதியில உருண்டு பிரதட்டை அடிக்கிற கிழவனோட என்ன கோவம்? ஆனா மிதிச்சவனைப் பிடிச்சுக் குடுக்கக் கையெழுத்துக் கேட்டு ஒருத்தரும் என்னட்ட வரவேண்டாம்.