அமைச்சர் நாற்காலி இல்லாமலே கட்சியை நடத்திய பெயின்டர்

நார்வே தொழிலாளர் கட்சியின் வரலாற்றைப் பிரதமர்களின் பட்டியலாகப் படித்தால் மார்ட்டின் டிரான்மேல் கண்ணிலேயே பட மாட்டார். அமைச்சராக இருந்ததில்லை, கட்சித் தலைவராகவும் இருந்ததில்லை. நாடாளுமன்றத்தில் ஒரே ஒரு தவணை, 1925 முதல் 1927 வரை. அவருடைய பலமெல்லாம் பத்திரிகை ஆசிரியர் மேசையில் இருந்தது.

1879இல் மெல்ஹுஸில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பெயின்டர் வேலை கற்றுக்கொண்டு அமெரிக்கா வரை பிழைக்கப் போனார். அங்கே பிடிபட்டது ஒரு விஷயம்: தச்சருக்கு ஒன்று, கொல்லருக்கு ஒன்று என்று சங்கம் பிரிந்து கிடந்தால், ஒருவர் வேலைநிறுத்தம் செய்யும்போது மற்றவர் தம் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டு வேலைக்குப் போகத்தான் வேண்டும். 1911இல் நார்வே நகரமான ட்ரொன்ஹெய்மில், தொழிற்சங்கங்களுக்குள் இருந்த அவரது இடதுசாரி அணி நிறைவேற்றிய தீர்மானம் கட்டிப்போடும் எழுத்து ஒப்பந்தங்களையே வேண்டாம் என்றது இதனால்தான். வேலைநிறுத்தம், புறக்கணிப்பு, நாசவேலை ஆகியவையே ஆயுதங்கள் என்றது.

பாறைத் துளைகளில் கொஞ்சம் டைனமைட்டை விட்டுவைத்தால் கருங்காலிகள் நெருங்கப் பயப்படுவார்கள் என்று அவர் பேசியதும் இந்தக் காலத்தில்தான். வெடிக்காத மருந்து இருக்கும் துளையில் துளைக்கருவி பட்டால் உயிர் போகும். பாறை உடைப்பவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. எதிரிகள் அவர் ஆயுள் முழுக்க அதைச் சொல்லிக் காட்டினார்கள். அந்தப் பேச்சை நியாயப்படுத்த முடியாது என்றே நினைக்கிறேன்.

1913இல் ட்ரொன்ஹெய்மின் ‘நியூ தீட்’ பத்திரிகைக்கு ஆசிரியர். 1918 மாநாட்டில் அவரது அணி கட்சியைக் கைப்பற்றியது; கிரே கிரெப் தலைவர், டிரான்மேல் செயலாளர். 1919இல் கட்சி, மாஸ்கோவிலிருந்து இயங்கிய உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான கம்யூனிஸ்ட் அகிலத்தில் சேர்ந்தது. 1921இல் கட்சியின் மைய நாளேடும் அவர் கைக்கு வந்தது.

சிக்கல், அகிலத்தின் உறுப்புக் கட்சிகளுக்கு மாஸ்கோ விதித்த 21 நிபந்தனைகளில் தொடங்கியது. நார்வேயில் சங்கங்கள் மொத்தமாகக் கட்சியில் சேர்வது வழக்கம்; சங்கத்தில் இருப்பவர் அதனாலேயே கட்சி உறுப்பினர். அகிலம் கேட்டதோ தனித்தனி உறுப்பினர், மேலிருந்து வரும் கட்டளை. அதை ஏற்றால் கட்சியின் அடித்தளமே போய்விடும். மாஸ்கோவிடம் அடிபணியாமல் நின்றதுதான் அவருடைய ஆகப் பெரிய அரசியல் முடிவு. 1923 நவம்பர் மாநாட்டில் அவர் பக்கம் 169 வாக்குகள், எதிர்ப்பக்கம் 110. தோற்றவர்கள் வெளியேறிக் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கினார்கள். அவர் வளர்த்த ‘நியூ தீட்’டும் அவர்களோடு போயிற்று.

மைய நாளேடு மட்டும் அவரிடம் தங்கியது. 1927இல், முன்பு பிரிந்து போயிருந்த சமூக ஜனநாயகவாதிகளும் திரும்பி வந்து சேர்ந்தார்கள். அந்த ஆண்டுத் தேர்தலில் 150 இடங்களில் தொழிலாளர் கட்சிக்கு 59, கம்யூனிஸ்ட் கட்சிக்கு 3.