ஊசி தொடாத சுவரோவியம்

ஜூன் 7

திரைச்சீலைக்கு வாங்கியதில் மிஞ்சிய பூக்கொடித் துணி இரண்டு ஆண்டுகளாக அலமாரியில் மடிந்து கிடக்கிறது. எனக்குத் தையல் வராது. நான் தைத்த பொத்தான் மறுவாரமே கையோடு வந்துவிடும். ஆகவே ஊசி நூலைத் தொடாமல், அத்துணியை மரச்சட்டத்தின்மேல் இழுத்துப் பொருத்திச் சுவரில் மாட்டுவதென்று முடிவு செய்தேன். இன்று அதை நனைத்துக் காயவைத்ததோடு சரி. பருத்தித் துணி சுருங்குவதாயிருந்தால் சட்டத்தில் ஏறுவதற்கு முன்பே சுருங்கிவிடட்டும்.

ஜூன் 8

சட்டத்தின் அகலம் 30 செ.மீ., உயரம் 40 செ.மீ., கட்டையின் கனம் 2 செ.மீ. துணி பக்கவாட்டை மூடிப் பின்புறம் மடங்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு பக்கமும் 5 செ.மீ. கூடுதலாக விட்டு, 40-க்கு 50 என்று வெட்டினேன். எந்தப் பகுதியை வெட்டுவது என்று தீர்மானிக்கத்தான் அரைநாள் போயிற்று. காகிதத்தில் சட்டத்தின் அளவுக்குச் சாளரம் ஒன்று வெட்டி, அதைத் துணியின்மேல் நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். முழுப் பூவை நட்டநடுவில் வைத்தபோது நாட்காட்டிப் படம் போலத் தெரிந்தது. பூ ஓரத்தில் பாதியாக நின்று, கொடி வெற்றிடத்தை நோக்கி ஏறியபோது கண்ணுக்கு நிறைவாக இருந்தது.

பிறகு செய்ததுதான் பிழை. நான்கு மூலைகளையும் முதலில் இழுத்து ஸ்டேப்ளர் முள் அடித்தேன். நடுவில் அலையலையாகச் சுருக்கம் விழுந்து, கொடி வில்லாக வளைந்துவிட்டது.

ஜூன் 9

காரணம் நெசவில் இருக்கிறது. நீளவாக்கில் ஓடும் பாவு இழையின் திசையிலும் குறுக்கே ஓடும் ஊடை இழையின் திசையிலும் இழுத்தால் துணி அதிகம் நீளாது. மூலைவாட்டில் இழுத்தாலோ இழைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நீண்டுகொண்டே போகும். மூலையிலிருந்து தொடங்கிய நான், துணி எந்தத் திசையில் மிகவும் இளகுமோ அந்தத் திசையிலேயே இழுத்திருக்கிறேன்.

முட்களைத் தட்டைத் திருப்புளியால் நெம்பி எடுத்து, துணியை மீண்டும் இஸ்திரி போட்டேன். இம்முறை மேல்பக்கத்தின் நடுவில் ஒரு முள், அதற்கு நேர் எதிரே கீழ்ப்பக்கத்தில் ஒன்று, பின்னர் இடவலமாக ஒவ்வொன்று என்று அடித்து, அங்கிருந்து மூலைகளை நோக்கி 3 செ.மீ. இடைவெளியில் எதிரெதிராக முன்னேறினேன். மூலைகளைப் பரிசுப்பொட்டலம் போல மடித்துக் கடைசியில் அடித்தேன். துணி மெல்லியது, அடியில் வெள்ளைத் துணி ஒன்று கொடுத்திராவிட்டால் கட்டையின் நிறம் மேலே தெரிந்திருக்கும்.

ஜூன் 11

மீதித் துண்டை எம்பிராய்டரி வளையத்தில் பூட்டினேன். உள்வளையத்தின்மேல் துணியை விரித்து, வெளிவளையத்தை அழுத்தித் திருகை முடுக்கினால் அது தானாகவே விறைத்துக்கொள்கிறது. சட்டத்தோடு பட்ட பாட்டுக்கு இது விளையாட்டு. பின்புற விளிம்பை ஒட்டும்போது பசையைத் துணியில் தாராளமாகத் தடவியதால் முன்பக்கம் ஊறிக் கறையாகிவிட்டது. பசையை மரத்தில் மெல்லிய படலமாகத் தடவி, சற்றுப் பிசுபிசுப்பேறிய பிறகு துணியை அழுத்தியிருக்க வேண்டும்.

ஜூன் 14

இன்று மாட்டினேன். சன்னலுக்கு எதிர்ச்சுவர்தான் முதலில் நினைத்த இடம். நேர்வெயிலில் சாயம் வெளுக்கும் என்பதால் பக்கச்சுவருக்கு மாற்றினேன். சட்டம் ஓர் ஆணியில் ஒருபுறம் சாய்ந்துகொண்டே இருந்தமையால் இரண்டு ஆணிகளில் நிறுத்தினேன். வளையத்தைக் கறை அடிப்பக்கம் வருமாறு திருப்பி மாட்டியிருக்கிறேன். கொடி இப்போது மேலிருந்து கீழே தொங்குகிறது, அதுவும் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.