மாநிறத் தோலுக்குக் கெமிக்கல் பீல்: விழுக்காட்டை மட்டும் பார்க்காதீர்கள்

கெமிக்கல் பீல் என்பது அமிலம் பூசித் தோலின் மேலடுக்கை உரியவைக்கும் சிகிச்சை. வயதேறிய தோலுக்கு அதைச் செய்ய நினைப்பவர்கள் அமிலத்தைப் பற்றி முதலில் கேட்பது, “எத்தனை விழுக்காடு?” 70% என்றால் நல்ல சரக்கு, 30% என்றால் காசுக்குக் கேடு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இது தவறான கணக்கு. பீலுக்கு அதிகம் பயன்படும் கிளைகாலிக் அமிலக் கரைசலில் தோலுக்குள் இறங்கி வேலை செய்வது, உப்பாக மாறாமல் மிஞ்சியிருக்கும் அமிலம்தான். அது எவ்வளவு என்பதை பிஎச் (புளிப்பைக் காட்டும் எண்; குறையக் குறையப் புளிப்பு கூடும்) தீர்மானிக்கிறது. பிஎச் 4 உள்ள 70% கரைசலில் அந்த அமிலம் ஏறக்குறைய 28%தான். பிஎச் 2 உள்ள 30% கரைசலிலோ கிட்டத்தட்ட முழுவதும் அப்படியே இருக்கும். ஆக, இரண்டின் வீரியமும் ஏறத்தாழ ஒன்றுதான். அதே 70%, பிஎச் 1க்குப் பக்கத்தில் இருந்தால் வீரியம் இரண்டு மடங்குக்கு மேல். பிஎச் குறிப்பிடாத பாட்டிலை இணையத்தில் வாங்கி வீட்டில் பூசிப் பார்ப்பது ஆபத்து.

பீல் எதற்கு உதவும்? மங்கல், சொரசொரப்பு, கண்ணோர மெல்லிய கோடுகள், வெயில் திட்டுகள். தாடைத் தொய்வையும் வாயோரத்து ஆழ மடிப்பையும் அது தொடாது. நம்மவர்களின் கன்னத்தில் மிளகு ஒட்டியதுபோல் வரும் சிறு கறுப்புப் புடைப்புகளும் உதிராது. அவற்றை மருத்துவர் தனியாகத்தான் எடுக்க வேண்டும். நிறமோ வடிவமோ மாறிவரும் மச்சம் இருந்தால், பீலைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அதைக் காட்டுங்கள். சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கி, தேசியச் சரும நிலையத்துக்குப் போகலாம்.

மாநிறத் தோல் சுட்டால் கறுக்கும். அழற்சி ஏற்பட்ட இடத்தில் தோலுக்கு நிறம் தரும் மெலனின் கூடுதலாகச் சுரப்பதே காரணம். அதனால் ஒரே முறை ஆழமாகச் செய்வதைவிட, மேலோட்டமான பீலை 2 முதல் 4 வார இடைவெளியில் 4 முதல் 6 முறை செய்வதே நமக்கு ஏற்றது. 35% டிசிஏவை (டிரைகுளோரோஅசெட்டிக் அமிலம், கிளைகாலிக்கைவிட ஆழமாக இறங்குவது) முகம் முழுக்கப் பூச ஒப்புக்கொள்ளாதீர்கள். மிக ஆழமாக இறங்கும் பீனால் பீல் இதயத் துடிப்பையே குலைக்கக்கூடியது. நம் நிறத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

தயாரிப்பு 2 முதல் 4 வாரத்துக்கு முன்பே தொடங்கும்: தினமும் சன்ஸ்கிரீன், மருத்துவர் தந்தால் இரவில் ட்ரெட்டினாயின் (வைட்டமின் ஏ வகைக் கிரீம்). ட்ரெட்டினாயினைப் பீலுக்குச் சில நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் அமிலம் எதிர்பார்த்ததைவிட ஆழமாக இறங்கும். திரெடிங், வேக்சிங் இரண்டும் அந்த வாரம் கூடாது. ஆஸ்பிரின் ஒவ்வாதவருக்கும் கர்ப்பிணிகளுக்கும் சாலிசிலிக் பீல் வேண்டாம். உதட்டில் அடிக்கடி ஹெர்பிஸ் கொப்புளம் வருபவர் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பீல் அன்று மருத்துவரிடம் நடப்பது இது. முகத்து எண்ணெயை ஆல்கஹாலால் துடைத்தெடுப்பார்கள். எண்ணெய் மிஞ்சிய இடத்தில் அமிலம் இறங்காது, பீல் திட்டுத்திட்டாக முடியும். கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் மூன்றிலும் வாசலின். பிறகு நெற்றியில் தொடங்கிக் கன்னம், தாடை என்று ஒரே சீராகப் பூசி, அந்த நொடியே கடிகாரத்தை ஓட விடுவார்கள். முதல் முறை 20 அல்லது 30% கிளைகாலிக்குக்கு 1 முதல் 3 நிமிடம். ஆனால் கண் கடிகாரத்தில் அல்ல, தோலில் இருக்க வேண்டும். சீரான இளஞ்சிவப்பு வந்தால் போதும், நிறுத்தலாம். எங்காவது சாம்பல் கலந்த வெண்மை தெரிந்தால், நேரம் மிச்சமிருந்தாலும் அந்த இடத்தில் சோடியம் பைகார்பனேட் கரைசலை உடனே ஊற்ற வேண்டும். அது நுரைத்து அமிலத்தை அடக்கும். டிசிஏவுக்கு இந்தத் தப்பிக்கும் வழி இல்லை. அது தோலின் புரதத்தை உறைய வைத்துத் தானாகவே அடங்கும். அடுத்த முறை நேரம் அல்லது செறிவு, இரண்டில் ஒன்றை மட்டும்தான் கூட்ட வேண்டும்.

இரண்டு நாள் இறுக்கம், பிறகு செதில். உரிக்காதீர்கள். ஏசி அறையில் நாள் முழுக்க உட்காருபவர்கள் வாசலினை மெல்லிய படலமாக அடிக்கடி பூசுங்கள். நீச்சல் குளமும் வியர்க்கும் உடற்பயிற்சியும் ஒரு வாரம் கழித்து.

வெயில்தான் இங்கே பெரிய தொல்லை. சிங்கப்பூர்க் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணிநேரம் முந்தி ஓடுவதால், உச்சி வெயில் 12 மணிக்கு அல்ல, 1 மணியையொட்டி. உணவங்காடிக்கு நடந்து போகும் நேரமும் அதுவே. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்கு எஸ்பிஎஃப் 50, வெளியே இருந்தால் 2 மணிநேரத்துக்கு ஒருமுறை மறுபடியும், கூடவே குடை. இரும்பு ஆக்சைடு கலந்த நிறச் சன்ஸ்கிரீன் இன்னும் நல்லது. கறுப்பைத் தூண்டும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அது தடுக்கும். தீபாவளிக்கோ கல்யாணத்துக்கோ முகம் தெளிய வேண்டுமென்றால், கடைசிப் பீல் ஒரு மாதம் முன்பே முடிந்திருக்கட்டும்.

வலி குறையாமல் கூடினால், கொப்புளமோ மஞ்சள் பொருக்கோ வந்தால், அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொன்று. லேபிள் இல்லாத வெளுப்புக் கிரீம்களில் பாதரசம், ஹைட்ரோகுவினோன், ஸ்டீராய்டு போன்றவை கலந்திருக்கலாம். சுகாதார அறிவியல் ஆணையம் இத்தகைய கிரீம்களைப் பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது. அப்படி ஒன்றைப் பூசிவந்தவர் முதல் சந்திப்பிலேயே டப்பாவோடு போய்க் காட்டுங்கள். ஸ்டீராய்டால் மெலிந்த தோலை 20% கிளைகாலிக்கே புண்ணாக்கிவிடும்.