ரெக்ஸ் உலவிய வியன்னா

வியன்னா போகிறோம் என்றதும் நண்பர்கள் ஷோன்புருன் அரண்மனை, மொசார்ட் கச்சேரி, சாக்கர் கேக் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். நான் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஓர் அல்சேஷன் நாய். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று மனைவி எச்சரித்தாள். சொன்னேன், சிரித்தார்கள்.

'கொமிஸார் ரெக்ஸ்' 1994-இல் தொடங்கிய ஆஸ்திரியத் துப்பறியும் தொடர். ஆஸ்திரேலியாவில் எஸ்.பி.எஸ். தொலைக்காட்சி அதை 'இன்ஸ்பெக்டர் ரெக்ஸ்' என்று பெயரிட்டு, ஜெர்மன் பேச்சை அப்படியே விட்டு, அடியில் ஆங்கில வரிகளை ஓட்டியது. மெல்பர்னுக்குக் குடிவந்த புதிதில் தற்செயலாகப் பார்க்கத் தொடங்கினோம். ஜெர்மனில் ஒரு சொல்கூடத் தெரியாத வீட்டில், அது ஓடும் நேரத்தில் தொலைபேசி மணி அடித்தால் எவரும் எழுந்து போகமாட்டோம் என்ற நிலை வந்துவிட்டது.

கதையின் தொடக்கமே துக்கம்தான். ரெக்ஸைப் பழக்கி வைத்திருந்த போலீஸ்காரர் பணியின்போது கொல்லப்படுகிறார். நாய் சோர்ந்து கிடக்கிறது. கொலைக் குற்றப் பிரிவு அதிகாரி ரிச்சர்ட் மோசர் அதைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகிறார். அவரும் மணமுறிவுக்குப் பிறகு தனியாக இருப்பவர். மோசராக நடித்த டோபியாஸ் மொரெட்டி நாயைக் கொஞ்சுவதே இல்லை. சக ஊழியரிடம் பேசுவதுபோல வழக்கை விவரிப்பார், கோபித்துக்கொள்வார், சமயத்தில் தோற்றும் போவார். எனக்குப் பிடித்தது அதுதான்.

நம் நாளிதழ்களில் மோப்ப நாய் வரும் செய்திகளை நினைத்துப் பாருங்கள். 'மோப்ப நாய் சம்பவ இடத்திலிருந்து சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது. யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை.' அந்த நாய்க்கு ஒரு குணம் இருக்கும், ஒரு பசி இருக்கும் என்று எந்த நிருபரும் எழுதியதில்லை. ரெக்ஸுக்கு இரண்டும் உண்டு. கதவைத் திறக்கும், துப்பாக்கியைக் கவ்விப் பிடுங்கும், குற்றவாளியைத் துரத்தும். இவையெல்லாம் எந்த நாய்ப் படத்திலும் கிடைக்கும். ஆனால் விசாரணை மும்முரமாக நடக்கும்போது சக அதிகாரியின் கையிலிருக்கும் தொத்திறைச்சி ரொட்டியை லாவகமாக அடித்துக்கொண்டு போவது இந்த நாய் மட்டும்தான். விறைப்பான அதிகாரி ஷ்டாக்கிங்கர்தான் அடிக்கடி அகப்படுவார். அவராக நடித்த கார்ல் மார்கோவிக்ஸ் முகத்தைச் சுளிக்கும் அழகுக்காகவே சில பகுதிகளைத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பின்னாளில் அந்தப் பாத்திரத்துக்கென்றே சால்ஸ்பர்க்கைக் களமாக வைத்துத் தனித்தொடர் எடுத்தார்கள். நாய் இல்லாத தொடர் என்பதால் எனக்கு அதில் ஈடுபாடு இல்லை.

ஆகவே வியன்னாவில் என் முதல் வேலை அந்த ரொட்டியைப் பார்ப்பது. விடுதிக்குப் பக்கத்துப் பல்பொருள் அங்காடியில், இறைச்சி விற்கும் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்ற அம்மாள் உருண்டையான செம்மல் ரொட்டி ஒன்றை எடுத்தார். அதன் மேல்பக்கம் ஐந்து மடிப்புகள் சுழன்று நடுவில் கூடும். குறுக்கே அறுத்தார், இயந்திரத்தில் தொத்திறைச்சியைக் காகிதம்போல மெலிதாகச் சீவி அடுக்கினார், ஊறுகாய் வெள்ளரி வேண்டுமா என்று சைகையில் கேட்டார், காகிதத்தில் சுற்றித் தந்தார். மனைவி சைவம், தள்ளி நின்றாள். சுவை? சுமார்தான். மிளகாய்க்குப் பழகிய நாக்குக்கு இதில் ஒன்றும் இல்லை. ரெக்ஸ் எதற்காக இதன்மேல் இப்படி ஆசைப்பட்டது என்று இன்னும் விளங்கவில்லை.

வியன்னாவில் நாய்களுக்கு நல்ல மரியாதை. சுரங்க ரயிலில் பெரிய நாய்களுக்கு வாய்ப்பூட்டும் கழுத்துவாரும் கட்டாயம், அரை டிக்கெட்டும் எடுக்க வேண்டும். ஊரில் நடத்துநரோடு குழந்தையின் வயதுக்காக வாதாடிய நினைவு வந்தது. கார்ல்ஸ்பிளாட்ஸ் நிலையத்தில் ஏறிய ஒரு முதியவரின் அல்சேஷன், வாய்ப்பூட்டோடு அவர் காலணிமேல் தாடையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டது. கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு காது மட்டும் எழும்பும், மூடியதும் மடியும். பெட்டியில் என்னைத் தவிர வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. பிராட்டர் பூங்காவில் 1897-இல் நிறுவிய ராட்சத ராட்டினத்திலும் ஏறினோம். மேலிருந்து ஊர் அழகாகத்தான் தெரிந்தது. ஆனால் என் நினைவில் நின்றது அந்தக் காதுதான்.

மழை பெய்த ஓர் இரவு விடுதித் தொலைக்காட்சியில் ரெக்ஸின் பழைய பகுதி ஒன்று ஓடியது. அடியில் வரிகள் இல்லை. யார் எதற்காகக் கொன்றான் என்பது கடைசிவரை பிடிபடவில்லை. ஆனால் நாய் திரைக்கு வந்தபோதெல்லாம் உள்ளூர்க்காரர் அறிந்த அளவு நானும் அறிந்தேன். இவ்வளவு தூரத்திலிருந்து எங்களை இந்தத் தொடர் இழுத்ததற்கு இதைவிடப் பெரிய ரகசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வசனத்தைப் படித்துப் படித்துக் களைத்த கண்ணுக்கு ரெக்ஸ் வரும் காட்சிகளில்தான் முழுத் திரையும் கிடைக்கும். அந்தக் காட்சிகளுக்குப் பின்னால் கடும் உழைப்பு இருக்கிறது. அமெரிக்கப் பயிற்சியாளர் தெரசா ஆன் மில்லர் பழக்கிய நாய் அது. கேமராவுக்குப் பின்னால் நிற்கும் அவரைப் பார்க்காமல் மொரெட்டியைப் பார்ப்பதுபோலத் தெரியவைப்பது சாமானிய வேலையா?

1998-இல் மோசரைச் சாகடித்தார்கள். ரெக்ஸுக்கு இரண்டாவது இழவு. அடுத்து வந்த அதிகாரி பிராண்ட்னரைப் பலருக்கும் பிடித்தது, நான் மோசர் கட்சி. 2004-இல் ஆஸ்திரியத் தயாரிப்பு நின்றது. 2008-இல் இத்தாலியர்கள் எடுத்து ரோமுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு கனடாவும் தன் பங்குக்கு ஒரு ரெக்ஸைக் கண்டுபிடித்து, செயின்ட் ஜான்ஸ் நகரத்தில் ஓடவிட்டது. அங்கே பேசுவது ஆங்கிலம். எல்லாமே புரிந்துவிடுகிறது. இரண்டு பகுதிகளுக்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. ரோம் பகுதிகள் பரவாயில்லை. அடுத்த விடுமுறைக்கு அந்தப் பக்கம் போகலாமா என்று கேட்டால், இந்த முறையாவது தேவாலயம் பார்க்கப் போகிறேன் என்று ஊராரிடம் சொல் என்கிறாள் மனைவி.