வடக்கம்பட்டியில் விடியற்காலைப் பிரியாணி

தை பிறந்துவிட்டால் அப்பாவுக்கு இருப்புக் கொள்ளாது. முனியாண்டி விலாஸ் கடை ஒன்றில் முப்பது வருடம் சப்ளையராக இருந்தவர் அவர். காலையில் கடை திறந்ததும் முதல் வியாபாரத்துக் காசைச் சாமிக்கென்று தனியே எடுத்து வைப்பது அந்தக் கடைக்காரர்களின் வழக்கம். அப்படி வருடம் முழுக்கச் சேரும் காசு போய்ச் சேர்கிற இடம்தான் மதுரை மாவட்டம் வடக்கம்பட்டி முனியாண்டி கோயில். அங்கே பிரசாதமே பிரியாணிதான். திருமங்கலம் தாண்டி, கள்ளிக்குடி பக்கம். அப்பா ஒரு வருடம்கூட விட்டதில்லை. போன ஐப்பசியில் அவர் காலமானார். "இந்தத் தடவ நீ போய்க் கும்பிட்டுட்டுப் பிரசாதம் வாங்கிட்டு வந்துரு" என்றார் அம்மா.

கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் சொன்ன சொல் எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. "பிரியாணி பாய்மாரு சாப்பாடுப்பா. அதைச் சாமிக்குப் படைச்சா பிரசாதம் ஆயிருமா?" நான் பதில் பேசவில்லை. ஆனால் அப்பா முப்பது வருடம் நம்பிக் கும்பிட்டதை ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டுப் போனது பொறுக்கவில்லை.

துணைக்கு வந்தவர் எங்கள் பக்கத்து வீட்டு பாய். கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்குகிற மாஸ்டர், அப்பாவின் நாற்பது வருடச் சிநேகிதர். "உங்கப்பன் வருசா வருசம் கூப்பிட்டான். எனக்கு எங்கேயாவது ஒரு கல்யாணம் வந்துரும். இந்தத் தடவ வாரேன் தம்பி" என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை போய் இறங்கினோம். பூத்தட்டு ஊர்வலம் தெருவில் வந்துகொண்டிருந்தது. மல்லிகை வாசமும் பத்தி வாசமுமாக ஊரே மணத்தது. இந்த ஊர்க்காரர்கள் பஞ்சம் பிழைக்க வெளியூர் போய்ச் சோற்றுக்கடை வைத்தவர்கள். 1937-இல் காரைக்குடியில் தொடங்கிய முதல் கடைக்குக் காவல் தெய்வத்தின் பெயரையே வைத்தார்கள். பிறகு தமிழ்நாடு தாண்டியும் அந்தப் பெயர் பரவியது. எங்கே இருந்தாலும் திருவிழாவுக்குக் கடையை மூடிவிட்டுக் குடும்பத்தோடு வந்துவிடுகிறார்கள். தையில் ஒரு வெள்ளியன்று நாயுடு சமூகத்தார் எடுக்கிறார்கள். மாசியில் ஒரு வெள்ளியன்று ரெட்டியார் சமூகத்தார் எடுக்கிறார்கள். எண்பது வருடங்களைக் கடந்த திருவிழா இது.

சாமி முன்னால் நின்றபோது எனக்கு வேண்டிக்கொள்ள எதுவும் தோன்றவில்லை. அப்பா நின்ற இடத்தில் நிற்கிறேன் என்ற ஒன்று மட்டும் நெஞ்சை அடைத்தது. திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்தேன்.

இரவெல்லாம் அடுப்புதான். நேர்ச்சையாக வந்த ஆடுகளும் சேவல்களும் அறுபட்டு, கறி கூறாகி, பெரிய பெரிய அண்டாக்களில் ஏறுகிறது. ஆயிரம் கிலோவுக்கு மேல் அரிசி. விறகு வெளிச்சத்தில் வேர்த்து வழிய ஆட்கள் நிற்கிறார்கள். பாய் ஓரமாக ஒரு கல்லில் உட்கார்ந்து, வெங்காயம் பொன்னிறமாகிற வாசத்தை வைத்தே அடுத்து என்ன போடுவார்கள் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். இஞ்சி பூண்டு பச்சை வாசம் போகணும். கறி முக்கால் வேக்காடு வந்ததும் அரிசி போடணும். தண்ணியும் அரிசியும் ஒரே மட்டத்துக்கு வரும்போது தீயை இழுத்துவிட்டு, மூடிமேல் தணலை அள்ளிக் கொட்டணும். அவர் சொன்ன மாதிரியே ஒவ்வொன்றும் நடந்தது. ஓர் அண்டாவில் மூடி ஓரமாக ஆவி கசிந்தது. பாய் எழுந்து போய், அங்கிருந்த சமையல்காரரிடம், "அண்ணே, அந்தப் பக்கம் ஈரத்துணி வைங்க, தம் போகுது" என்றார். அவரும் யார் எவர் என்று கேட்காமல் துணியை நனைத்துச் சுற்றினார். அதன்பிறகு இரண்டு பேரும் கல்லில் உட்கார்ந்து சீரக சம்பாவா பாசுமதியா என்று விடியும்வரை பேசினார்கள்.

நான் உறவினர் சொன்னதை பாயிடம் கேட்டேவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் தணலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நான் இதைச் சாப்பிட மாட்டேன். எங்க முறைப்படி பிஸ்மி சொல்லி அறுத்த கறிதான் எனக்கு ஆகும். இது சாமிக்கு நேர்ந்தது. உங்கப்பனுக்கும் அது தெரியும், ஒரு நாளும் திங்கச் சொன்னதில்ல. ஆனா அது கறியை அறுத்த முறைக்கு உள்ள கட்டுப்பாடு. இந்தா வேகுதே, இந்தச் சோத்துக்கும் தம்முக்கும் நான் எப்படிப் பாத்தியதை கொண்டாட முடியும்? எங்க வாப்பா ஒரு நாயக்கர் கிட்டத்தான் தம் போடப் பழகுனாரு."

இத்தனை நாளாகக் குழம்பிக் கிடந்தது எனக்கு அப்போதுதான் தெளிந்தது. அறுப்புக்கு மார்க்கம் உண்டு. படையலுக்குச் சாமி உண்டு. நோன்புக்கும் விரதத்துக்கும் நாளும் நேரமும் உண்டு. இவற்றையெல்லாம் மதிக்கத்தான் வேண்டும். ஆனால் அரிசியும் கறியும் ஒன்றாக வெந்து இறங்குகிற பக்குவத்தை எந்த மதத்தின் பேரில் பட்டா எழுதுவது? பிரியாணி என்ற பெயர் பாரசீகத்திலிருந்து வந்தது. மிளகாய் போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்தது. சோறு வேறு கறி வேறு என்று பிரித்தறிய முடியாதபடி குழைந்த 'ஊன்துவை அடிசில்' பதிற்றுப்பத்திலேயே இருக்கிறது. அதுதான் இது என்று நான் சாதிக்கவில்லை. கறியும் சோறும் கலந்த உணவு இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்கிறேன்.

திண்டுக்கல் முத்தழகுப்பட்டி செபஸ்தியார் கோயில் திருவிழாவைப் பற்றியும் பாய் சொன்னார். ஆகஸ்ட் மாதம் அங்கே எல்லா மதத்தாரும் ஆடும் கோழியும் அரிசியும் காணிக்கையாகக் கொண்டுவந்து கொடுக்க, ஊரே திரண்டு கறிக்குழம்பும் சோறும் சாப்பிடுகிறது. அதை அவர்கள் அன்னதானம் என்றே சொல்கிறார்கள்.

விடிவதற்கு முன்பே மூடிகள் திறந்தன. முதல் கரண்டி சாமிக்கு. பூசை முடிந்ததும் பந்தி. தட்டில் விழுந்த சோறு கைச்சூட்டுக்கும் மேலே கொதித்தது. ஒரு வாய் எடுத்ததும் அப்பாவின் சட்டை வாசம்தான் முதலில் வந்தது. வேலை முடிந்து ராத்திரி பதினொரு மணிக்கு வருவார், அவரைக் கட்டிக்கொண்டால் இதே பட்டை, கிராம்பு, நெய் மணம். கண்ணீரோடுதான் சாப்பிட்டேன். பக்கத்தில் ஓர் அம்மா, "சனிக்கிழமை நாங்க கவிச்சி தொட மாட்டோம் தம்பி. இது முனியாண்டி கொடுக்குறது, இதுக்குக் கணக்கு கிடையாது" என்று சொல்லி, ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டார். பாய் எதிர்க்கடையில் ஒரு டீயும் பன்னும் வாங்கிக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்.

அம்மாவுக்குத் தூக்குவாளி நிறைய வாங்கிக்கொண்டேன். பாய் மூடியைத் திறந்து, ஒரு பருக்கையை விரல் நுனியில் நசுக்கிப் பார்த்தார். "உதிரியா நிக்குது. நல்லா எறக்கியிருக்கான்" என்றார். பக்கத்திலிருந்து ஒரு துண்டு வாழை இலை வாங்கிச் சோற்றின் மேல் பரப்பி மூடினார். "வெறும் மூடி போட்டா வேர்த்துக் கொழஞ்சுரும்."

பஸ்ஸில் உட்கார இடம் ஒன்றுதான் கிடைத்தது. பாய் வாளியை மட்டும் வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டு, "நீ உக்காரு தம்பி, ராவெல்லாம் தூங்கல" என்றார். நான் மறுத்துவிட்டேன். அவர் வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். திருமங்கலம் வரைக்கும் ஒவ்வொரு வேகத்தடையிலும் இரண்டு கையாலும் வாளியை அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தார்.